சம்மனசு காலனியில் டிரிப்பர் நிமிராத வீடுகள்

கித்தேரியானுக்கு முதலில் அநியாயம் செய்தவர் ததேயு. இரண்டாவதாகச் செய்தவர்கள், கோயில் கூட்டத்தில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த மற்ற அறுபத்திரண்டு குடும்பத்தார். மூன்றாவது, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப்போன அப்போதைய பங்குச்சாமியார். அதற்குப் பிறகும் ஆட்கள் உண்டு. ஆனால் கித்தேரியான் வரிசையை மாற்றமாட்டார். வரிசை மாறினால் முதல் ஆளுடைய பாரம் குறைந்துவிடும் என்பது அவருடைய எண்ணம்.

கடல் ஊருக்குள் வந்த வருஷத்துக்குப் பிறகு, கரையிலிருந்து முக்கால் மைல் உள்ளே தள்ளி, உப்பளத்துக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவில் யாரோ புண்ணியவான்கள் கட்டிக்கொடுத்த அறுபத்து நான்கு வீடுகளுக்கு வானதூதர் ரபேலின் பெயரால் ரபேல் சம்மனசு காலனி என்று பெயர். அத்தனை வீட்டுக்கும் வயரிங் செய்தவர் கித்தேரியான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், கரண்ட் போகும் வழியை மட்டும் கை ரேகை மாதிரி தெரிந்துவைத்திருந்தார். ஒவ்வொரு வீட்டிலும் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு டிரிப்பர் வைத்தார். வைக்கும்போதே வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்: வீட்டுக்குள் போகிற கரண்டையும் வீட்டிலிருந்து திரும்புகிற கரண்டையும் இது எண்ணிக்கொண்டே இருக்கும், போனது அத்தனையும் திரும்பி வந்தால் சும்மா நிற்கும், மயிரிழை குறைந்தாலும் எங்கேயோ ஈரச்சுவரிலோ மனுஷ உடம்பிலோ கரண்ட் இறங்குகிறது என்று அர்த்தம், அந்த நிமிஷமே டக்கென்று விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். "மாசத்துக்கு ஒருதரம் இந்த டெஸ்ட் பொத்தானத் தட்டிப் பாக்கணும். தட்டினா விழணும். விழலைன்னா அது டிரிப்பர் இல்ல, சுவத்துல ஒட்டின பல்லி."

ததேயு காலனியின் தலைவர். இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர். தந்த வீட்டின்மேல் இன்னொரு மாடி எழுப்பியவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். முந்தின நாளெல்லாம் மழை. சீரியல் பல்புகள் நனைந்து, டிரிப்பர் விழுந்துகொண்டே இருந்தது. தூக்கி விட்டால் விழும், தூக்கி விட்டால் விழும். சம்பந்தி வீட்டார் முன்னால் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் அபசகுனம் என்று, ததேயு தானே முக்காலி போட்டு ஏறி, டிரிப்பரைத் தாண்டி ஒரு துண்டு வயர் போட்டு நேராக இணைத்துவிட்டார். பிறகு விளக்கெல்லாம் அழகாக எரிந்தது. மறுநாள் காலையில், அந்த வீட்டுப் பெரிய கிரைண்டரில் மாவாட்ட ஒத்தாசைக்குப் போன கித்தேரியானின் மகள் ஜெனோவா, பத்தொன்பது வயது, மாவு வழிக்கக் கை வைத்தாள். டிரிப்பர் விழவில்லை. அவள்தான் விழுந்தாள்.

ஊரே அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய நேரத்தில் ததேயு மறுபடி முக்காலி போட்டு ஏறி, அந்தத் துண்டு வயரைக் கழற்றி எறிந்தார். மூன்றாம் நாள் கித்தேரியான் போய்ப் பார்த்தபோது திருகாணித் தலைகளில் புதுக் கீறல் இருந்தது, குப்பைத் தொட்டிக்குப் பின்னால் சிவப்பு வயர்த் துண்டும் கிடந்தது. அதைக் கோயில் கூட்டத்தில் கொண்டுபோய்க் காட்டினார். ததேயு சிரிக்காமல் சொன்னார்: "வயர்மேன் கையில வயர் இருக்குறது என்னவே அதிசயம்? டிரிப்பர் வச்சது நீரு. விழலைன்னா யாரு வேலை சரியில்ல?" ஊர் பேசாமல் இருந்தது. அன்றைக்கு, மகளைப் பறிகொடுத்த தகப்பன், மகளைக் கொன்ற தகப்பனாக வீட்டுக்குத் திரும்பினார்.

அவர் மனைவி கொரற்றி அவரை ஒரு சொல் கேட்டதில்லை. சண்டை போடவில்லை, அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை, சோற்றில் உப்புக் குறைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சுவிட்சையும் அவள் கையால் தொடுவதில்லை. விளக்குப் போட வேண்டுமென்றால் மர அகப்பையின் காம்பால் தட்டுவாள். அவர் கையால் வயரிங் செய்த வீட்டில், பதினோரு வருஷமாக, சாயங்காலம் ஆறு மணிக்கு அகப்பை சுவிட்சில் படும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கித்தேரியான் தன்மேல் எழுதிய தீர்ப்பை ஒருதரம் வாசிக்கக் கேட்பார். ததேயு அவருக்குத் தரவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கொரற்றியின் காது கேட்க, 'வயரைப் போட்டது நான்' என்ற ஒரு வாக்கியம். அதைக் கித்தேரியானே சொன்னால் செல்லாது, ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. அது ததேயுவின் வாயிலிருந்து வரவேண்டும்.

ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், கித்தேரியான் வீடு வீடாகப் போய் டெஸ்ட் பொத்தானைத் தட்டினார். ஊர்மேல் பாசத்தால் அல்ல. என் டிரிப்பர் விழும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று காட்டுவதற்காக. தட்டுவார், டக்கென்று விழும், வீடு ஒரு நிமிஷம் மௌனமாகும், மறுபடி தூக்கி விடுவார், ஃபேன் சுற்றத் தொடங்கும், அடுத்த வீட்டுக்குப் போவார். அறுபத்து மூன்று வீடு. ததேயு வீட்டு வாசலை மட்டும் அவர் மிதிப்பதில்லை.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெமிஜியா வீட்டில் தட்டிய டிரிப்பர் விழுந்தது, தூக்கினால் நிமிரவில்லை. தூக்கினார், விழுந்தது. மிக்ஸி, ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாவற்றின் வயரையும் பிடுங்கிவிட்டுத் தூக்கினார், விழுந்தது. வீட்டுக்குள் போகிற வயரையே கழற்றிப் போட்டுவிட்டு, ஒன்றுமே இல்லாத வெறும் டிரிப்பரைத் தூக்கினார், அதுவும் விழுந்தது. பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினார். புதியதும் அப்படியே. மத்தியானத்துக்குள் இப்படி ஏழு வீடு. வேர்த்து ஊற்றிக்கொண்டு பொதுக்குழாய்ப் பக்கம் உட்கார்ந்த கித்தேரியானைப் பார்த்து, மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்த மொனிக்கா சொன்னாள்:

"அண்ணே, அந்த ஏழு வீட்லயும் என்ன இருக்குன்னே பாத்துட்டுத் திரியுறீரு. யாரு இல்லைன்னு பாரும்."

அவர் பார்த்தார். ரெமிஜியாவின் புருஷன் கஸ்பார், எட்டு வருஷத்துக்கு முன் புயலில் போனவன், உடல் கிடைக்கவில்லை. அவனோடு அதே வள்ளத்தில் போன இன்னும் மூன்று பேருடைய வீடுகள். ஐந்தாவது, ஊரெல்லாம் வம்பு வளர்த்துவிட்டுக் கொச்சிக்கு ஓடிப்போன பெர்க்மான்ஸின் வீடு. ஆறாவது, வேற்றுச்சாதிப் பையனோடு போன மகளை இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்ன சவேரியின் வீடு. ஏழாவது, துபாய்க்குப் போய் அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டவனுடையது. காலனி டிரிப்பர்கள் இப்போது கரண்டை எண்ணவில்லை, ஆட்களை எண்ணுகின்றன. வீட்டிலிருந்து போனவர் அத்தனை பேரும் வந்தாலோ வருவதாக இருந்தாலோ நிற்கும். ஒருவர் குறைந்தாலும் நிமிராது. பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாலும் வந்த கணக்குத்தான். அதனால்தான் கித்தேரியான் வீட்டு டிரிப்பர் தூக்கியவுடன் நின்றது. ஜெனோவா வந்துவிட்டாள் அல்லவா.

இன்னொன்றும் தெரியவந்தது. நின்றுகொண்டிருக்கிற டிரிப்பர் எண்ணுவதில்லை. விழுந்து எழும்போதுதான் எண்ணும்.

மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து, கறுப்புப் பெட்டியை வைத்து அளந்து பார்த்து, கசிவு எதுவும் இல்லை என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, குளிர்ந்த மோர் குடித்துவிட்டுப் போனார். புதுச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். "டிரிப்பர் பலகைமேல படாம தெளிங்க ஃபாதர், அப்புறம் நெசமாவே ஷாக் அடிக்கும்" என்று கித்தேரியான் சொல்ல, அவர் தள்ளி நின்று தரையில் தெளித்தார். இரண்டு வீட்டார் தெரியாமல் டிரிப்பரைத் தாண்டி வயர் போட்டுப் பார்த்தார்கள். வயரில் கரண்ட் இருந்தது, பல்பு எரியவில்லை. அதன்பிறகு ஊர் இதைக் காய்ச்சலைப் போல ஏற்றுக்கொண்டது. பக்கத்து வீட்டிலிருந்து இருண்ட வீட்டுக்கு ஒரு லைன் இழுத்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. அதைக் கேட்டு வாங்கக்கூடாது, கேளாமலே இழுத்துக் கொடுக்கவேண்டும் என்று முறையும் வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்குமுன் வீட்டில் டிரிப்பர் நிற்கிறதா என்று கேட்டார்கள். கடலுக்குப் போகிற ஆண்கள் சிலுவை போட்டுக்கொண்டு, பிறகு பலகையையும் ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரெமிஜியா எட்டு வருஷமாகக் கறுப்புச் சேலை கட்டாமல் இருந்தவள், அந்த மாசம் கட்டினாள். அதே வள்ளத்தில் போன மற்ற மூன்று பேருடைய வீட்டுப் பெண்களும் கட்டினார்கள். எட்டு வருஷம் கழித்து நான்கு வீட்டிலும் ஒரே நாளில் ஒப்பாரி கேட்டது. அன்றைக்குக் காலனியில் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

சவேரி மூன்று மாசம் இருட்டில் இருந்து பார்த்தார். பக்கத்து வீட்டு லைனையும் வேண்டாம் என்றுவிட்டார். பிறகு ஒருநாள் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்.

"எங்க சவேரி, மக வீட்டுக்கா?"

"மகளாவது மண்ணாவது. டிவியில செய்தி பாத்து மூணு மாசம் ஆச்சுவே. அதுக்குத்தான் கூட்டிட்டு வரப் போறேன்."

அவர் மகளும் மருமகனும் ஒரு பையோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நேரத்தில், முப்பது மைலுக்கு இந்தப் பக்கம், பூட்டிய வீட்டில், யாரும் தொடாமலே டிரிப்பர் நிமிர்ந்தது. ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வெளியே வந்து நின்றார்கள். மொனிக்கா சவேரி வீட்டு வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டாள். அன்றிலிருந்து இருண்ட வீட்டுக்காரர்கள் காதை ஃபேனிலேயே வைத்திருந்தார்கள்.

ஆனால் விளக்கு எரிகிற வீடுகளுக்குப் பயம் வந்துவிட்டது. மகன் கப்பலில் இருக்கிற வீடு, புருஷன் மஸ்கட்டில் இருக்கிற வீடு, மூன்று நாளாகப் படகு திரும்பாத வீடு, எதுவும் கித்தேரியானை உள்ளே விடவில்லை. "இன்னைக்கு வேண்டாம்ணே, மாவு ஊற வச்சிருக்கு." "அடுத்த மாசம் தட்டிக்கிடலாம் மாமா, நல்ல நாள் பாத்து." ஒருத்தி பொத்தான்மேல் மாதா படத்தை ஒட்டிவைத்தாள். பிய்த்தால் பாவம். ஏன் பயப்படுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தட்டாத வரைக்கும் போனவர்கள் எல்லோரும் வந்துகொண்டே இருப்பார்கள். தட்டினால்தான் ஒருத்தன் வராமல் போவான். ஆனால் அவருக்கு இன்னொன்றும் தெரியும். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் ஆறு மாசம் விழாமல் நிற்கிற டிரிப்பர் உள்ளே இறுகிப்போகும். பிறகு விழவேண்டிய அன்றைக்கு விழாது. "விழுந்து பழகாதது விழாதும்மா" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். "நீரு போயிட்டு வாரும் மாமா" என்று கதவைச் சாத்தினார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை ததேயுவின் மருமகள் ஷெர்லின் வந்தாள். வயிற்றில் ஏழு மாசம். ததேயுவின் மகன் இன்பென்ட் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் போனவன். நாற்பத்தாறு நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. கம்பெனியில் கேட்டால் கப்பல் அந்தப் பக்கம் சிக்னல் இல்லாத கடலில் இருக்கிறது என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

"பெரியப்பா, எங்க ஃப்ரிட்ஜைத் தொட்டா கை சுர்ருங்குது. வந்து பாக்கிறீங்களா?"

கித்தேரியான் ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே, "டவுன்ல இருந்து ஆளக் கூப்பிட்டுக்கம்மா. உங்க மாமனாருக்கு என் வேலை சரிவராது" என்றார்.

"டவுன் ஆள் வந்தாரு. மாமா வாசல்லயே வச்சு, எல்லாம் சரியாருக்குன்னு அனுப்பிட்டாங்க. டிரிப்பர் பக்கமே யாரையும் விடமாட்டேங்குறாங்க. காலையிலயும் சாயங்காலமும் அதுக்கு நேரா நாற்காலி போட்டு உக்காந்து பாத்துட்டே இருக்காங்க."

"அப்ப பாத்துட்டே இருக்கட்டும்."

அவள் போய்விட்டாள். நான்காம் நாள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவள் வலது கை மணிக்கட்டு வரைக்கும் மரத்துப்போயிருந்தது. அதை இடது கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். கித்தேரியான் வாயைத் திறப்பதற்குள், அடுப்படியிலிருந்து கொரற்றி வெளியே வந்தாள். அந்தப் பெண்ணின் கையை வாங்கித் தன் மடியில் வைத்து, விரல் விரலாக நீவிவிட்டாள். பிறகு புருஷனைப் பார்க்காமலே சொன்னாள்:

"போய்ப் பாத்துட்டு வாங்க ஜெனோவா அப்பா. அந்த வீட்டுல இன்னொரு பிள்ளை விழ வேண்டாம்."

பதினோரு வருஷமாக அவள் அந்த வீட்டைப் பற்றிப் பேசியதில்லை. கித்தேரியான் பையை எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் தெரு முனையில், வலைக் கொட்டகை நிழலில், ததேயு நின்றிருந்தார். யார் சொன்னார்களோ, விஷயம் முன்னாலேயே போயிருந்தது. வெள்ளைச் சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். தாடி சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது.

"வாரும் கித்தேரி. எங்க, என் வீட்டுக்கா?"

"உம்ம மருமக கூப்பிட்டா."

"அவ சின்னப் பிள்ளை. நீரு அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிரும். தட்டிப் பாத்துட்டேன், நிக்குதுன்னு சொல்லிரும். போதும்."

"தட்டாம எப்படிவே சொல்லுறது?"

ததேயு கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். வெயில் உப்பளத்தில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

"நான் அன்னைக்கு வயர் போட்டேன்" என்றார். "நான்தான் போட்டேன். நான்தான் கழட்டினேன். மழை நின்னதும் எடுத்துருவோம்னு நெனச்சேன், நிச்சயதார்த்த வேலையில மறந்துட்டேன். அவ்வளவுதான் நடந்தது. உம்ம வீட்டுக்காரிகிட்ட வந்து சொல்லுறேன். இப்பவே வாறேன். வேணும்னா கோயில்ல வச்சு ஊருக்கே சொல்லுறேன். நீரு மட்டும் அதைத் தட்டாதிரும்."

பதினோரு வருஷமாகக் கித்தேரியான் இந்த வாக்கியத்தைக் கேட்பதற்காக வைத்திருந்த முகம் ஒன்று இருந்தது. கோபமான முகம், பெரிய முகம். அது வரவில்லை. நாற்பது எட்டு எடுத்து வைத்தால் கொரற்றி இருக்கிறாள். இந்த ஆளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால், இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கையாலேயே விளக்குப் போடுவாள். அது அவருக்குக் கண்முன்னே தெரிந்தது. அவள் விரல், சுவிட்ச், வெளிச்சம். அதற்கு அவர் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. ஒரு வேலையைச் செய்யாமல், செய்தேன் என்று சொன்னால் போதும். இதே டிரிப்பரை வைத்து அன்றைக்குக் கோயில் கூட்டத்தில் இந்த ஆள் பொய் சொன்ன மாதிரி.

"முதல்ல தட்டுறேன்" என்றார் கித்தேரியான். "பெறவு நீரு வாரும். எது வந்தாலும் வந்து சொல்லும். அதுதான் முறை."

"தட்டினா என் மகன் செத்துருவாம்வே."

"தட்டுறதுனால யாரும் சாகமாட்டாங்க. தட்டாததுனால ஒருத்தி செத்தா. உமக்குத் தெரியும்."

அந்த வீட்டு வாசலை அவர் மிதித்தபோது உள்ளே எல்லாம் மாறியிருந்தது. கிரைண்டர் இருந்த இடத்தில் ஃப்ரிட்ஜ் நின்றது. தரையில் புது டைல்ஸ். டிரிப்பர் மட்டும் அவர் மாட்டிய அதே டிரிப்பர், அதற்கு நேராக ஒரு நாற்காலி. ஷெர்லின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே வந்த ததேயு வாசல்படியைத் தாண்டி வரவில்லை.

கித்தேரியான் டெஸ்ட் பொத்தானைத் தட்டினார். விழவில்லை. இன்னொரு தடவை அழுத்தித் தட்டினார். விழவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்திப் பிடித்தார். டிரிப்பர் சுவரில் ஒட்டின பல்லியைப் போல இருந்தது. இத்தனை நாளும் அது நிற்கவில்லை, இறுகிப்போய்க் கிடந்திருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு தகப்பன் காலையும் சாயங்காலமும் மகன் உயிரோடு இருப்பதைப் பார்த்திருக்கிறார்.

"இது செத்து ரொம்ப நாளாச்சும்மா" என்றார் அவர். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்து, "டிரிப்பரைச் சொன்னேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

மெயினை நிறுத்திவிட்டு வேலை பார்த்தார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் எலி கடித்த வயர் தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்றினார். பழைய டிரிப்பரைக் கழற்றிப் புதியதை மாட்டினார். அவசரப்படவில்லை, ஒவ்வொரு திருகாணியையும் இரண்டு தடவை முறுக்கினார். அவர் வேலை செய்கிற நேரத்தில் தெரு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் கூடினார்கள். கொரற்றியும் வந்து மதில் ஓரமாக நின்றாள். மெயினைப் போட்டார். இனி டிரிப்பரைத் தூக்கி விடவேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

"இருட்டாவே இருக்கட்டும்" என்றார் ததேயு வாசலிலிருந்து. "மெழுகுவத்தி ஏத்திக்கிடுறோம். தூக்காதிரும் கித்தேரி. உம்ம கால்ல விழுறேன்."

கித்தேரியான் கையைத் தூக்கவில்லை. அது அவர் தூக்கவேண்டியதல்ல என்று அவருக்குப் பட்டது. ஷெர்லின் சுவரை விட்டுவிட்டு வந்தாள். மரத்துப்போன வலது கையை விட்டு, இடது கையால் எட்டி, டிரிப்பரை மேலே தள்ளினாள்.

டக்.

மறுபடி தள்ளினாள். விழுந்தது. மூன்றாவது தடவை தள்ளி, விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள். விரலுக்கடியில் அது விழுந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்த பிறகும் பிடித்துக்கொண்டு நின்றாள். கொரற்றி உள்ளே வந்து, அந்த விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். ததேயு வாசல்படியில் உட்கார்ந்தார். ஓவென்று அழவில்லை. உள்ளங்கையால் டைல்ஸைத் தடவிக்கொண்டே இருந்தார், ஏதோ கீழே சிந்திவிட்ட மாதிரி.

அன்றைக்கு அவரிடம் எதையும் கேட்கமுடியாது. கித்தேரியான் பையை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார். இரண்டு பேருடைய முழங்காலும் உரசிக்கொண்டன.

ஒன்பதாம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கப்பலில் எல்லோரும் இருந்தார்கள், இன்பென்ட் மட்டும் இல்லை. ஒரு புயலில் மேல்தளத்திலிருந்து. தேடினார்கள். வருந்துகிறார்கள். தேதி போட்டிருந்தது. ஷெர்லின் அந்தத் தேதியைப் பார்த்தபோது, அதற்குப் பிறகு முப்பத்தெட்டு நாள் அவனுக்காக அவள் தோசை ஊற்றி மூடிவைத்திருந்தது தெரிந்தது. கித்தேரியான் கணக்கு வேறு. அதே முப்பத்தெட்டு நாளும் செத்துப்போன டிரிப்பரை நம்பி அந்தப் பெண் ஃப்ரிட்ஜைத் தொட்டிருக்கிறாள், அதில் நான்கு நாள் அவர் ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்த நாள். தன் பட்டியலில் கடைசியாகத் தன் பெயரையும் அவர் சேர்த்துக்கொண்டார். முதல் பெயரை எடுக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை வைத்தார்கள். பெட்டி இல்லாததால் பீடத்துக்கு முன்னால் அவனுடைய வெள்ளைச் சட்டையை மடித்து வைத்திருந்தார்கள். பூசை முடிந்ததும் துக்க வீட்டார் எழுந்து ஊருக்கு நன்றி சொல்வது காலனி வழக்கம். ததேயு எழுந்தார். மைக்கை வாங்கிக்கொண்டார். சாமியாருக்குச் சொன்னார். கேளாமலே லைன் இழுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்குச் சொன்னார். சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்குச் சொன்னார். கொஞ்சம் நிறுத்தினார். கித்தேரியான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் கொரற்றி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"கித்தேரியானுக்கும் நன்றி" என்றார் ததேயு. "என் மருமகளையும் பேரப்பிள்ளையையும் அவருதான் காப்பாத்தினாரு."

ஜனங்கள் தலையை ஆட்டினார்கள். சிலர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் இருந்த பகை இத்தோடு தீர்ந்தது என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

"அவ்வளவுதானா?" என்று கொரற்றி மெதுவாகக் கேட்டாள். எதை நினைத்துக் கேட்டாள் என்று அவருக்குத் தெரியவில்லை. "அவ்வளவுதான்" என்றார்.

வெளியே கோயில் படியில் ததேயு நின்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். கித்தேரியான் முறை வந்தபோது இரண்டு கையாலும் பிடித்தார். கண் நிறைந்திருந்தது.

"எல்லாம் முடிஞ்சுதுவே" என்றார்.

"எனக்கு முடியலவே" என்றார் கித்தேரியான்.

ததேயு கையை எடுத்துக்கொள்ளப் பார்த்தார். கித்தேரியான் விடவில்லை. பின்னால் வரிசை நின்றது, யாரோ தொண்டையைச் செருமினார்கள். மூன்று படி கீழே, காதுக்கு எட்டும் தூரத்தில், கொரற்றி செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். ததேயு அவளைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. கித்தேரியானுக்குத் தன் கைக்குள் அந்தக் கை வேர்ப்பது தெரிந்தது. வரப்போகிறது என்று நினைத்தார், இதோ வந்துவிட்டது என்று நினைத்தார்.

"வெயில்ல நிக்காதம்மா" என்றார் ததேயு. "வீட்டுக்குப் போங்க ரெண்டு பேரும்."

கொரற்றி தலையாட்டிவிட்டு முன்னால் நடந்தாள். கித்தேரியான் கையை விட்டார்.